வழக்குக்கு முந்திய வழக்கறிஞர்
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

விருதுநகர் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது. மாவட்ட முதன்மை நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர்போன இந்த ஊர், மாவட்டம் முழுவதற்கும் கோர்ட் ஊர். வக்கீல் குமாஸ்தாக்கள், பத்திரம் எழுதுபவர்கள், ஜெராக்ஸ் கடைகள், வாய்தாவுக்கு வந்து டீக்கடையில் காத்திருக்கும் கட்சிக்காரர்கள் எல்லாம் இங்கே அன்றாடக் காட்சி. சுமார் 11 கிலோமீட்டரில் ராஜபாளையம். நூற்பாலைகளின் ஊரான அதற்கும் மேல்கோர்ட் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் 1894-இல் நகராட்சியானது. இன்று 33 வார்டுகள். ராஜபாளையம் 1941-இல் நகராட்சியானது, 42 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இரண்டிலுமாக இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய தெரு, சாக்கடை, குடிநீர்க் குழாய், வீட்டு வரைபட அனுமதி, சொத்து வரி, நகராட்சிக் கடைக் குத்தகை, தெருவோர வியாபாரம் அத்தனையிலும் முடிவெடுப்பவை இந்த இரண்டு அலுவலகங்கள். அவை எடுக்கும் எந்த முடிவும் மறுவாரமே வழக்காகலாம். ஆனால் தமிழ்நாட்டின் ஒரு சராசரி நகராட்சியில் ஆணையாளர், பொறியாளர், நகர்நல அலுவலர், நகரமைப்பு அலுவலர், வருவாய்ப் பிரிவு, கணக்குப் பிரிவு என்று நீளும் பொறுப்புகளின் வரிசையில் சட்டம் தெரிந்தவருக்கென ஓர் இருக்கை கிடையாது. சென்னை மாநகராட்சியில் சட்டப் பிரிவு இருக்கிறது. நகராட்சிகளில் இருப்பவர் வழக்கு வந்தபின் அழைக்கப்படும் ‘ஸ்டாண்டிங் கவுன்சல்’. அவர் வெளியாள். தன் சொந்த வக்கீல் தொழிலுக்கு நடுவே நகராட்சிக் கட்டுகளையும் பார்ப்பவர்.

நம் உள்ளாட்சியின் பல தோல்விகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வழக்கை நடத்த ஆள் உண்டு. வழக்கு வராமல் தடுக்கவும், தவறான தீர்மானம் நிறைவேறும் முன் ‘இது செல்லாது’ என்று எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

அரசியலமைப்பிலேயே இந்தக் குறை தொடங்குகிறது. ஒன்றிய அரசுக்கு 76-ஆம் பிரிவின்படி அட்டர்னி ஜெனரல் இருக்கிறார். மாநில அரசுக்கு 165-ஆம் பிரிவின்படி அட்வகேட் ஜெனரல். அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது அவருடைய கடமை. 177-ஆம் பிரிவோ சட்டமன்றத்துக்குள் வந்து பேசும் உரிமையையே அவருக்குத் தருகிறது, வாக்குரிமை மட்டும் இல்லை. குடியரசு பிறந்த 1950-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசுவாமி ராஜா. ஏ.கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர், செண்பகம் துரைராஜன் என இன்றும் சட்டக் கல்லூரிகளில் முதல் பாடமாக இருக்கும் வழக்குகளில் எதிர்த்தரப்பில் நின்றது அவருடைய அரசுதான். அந்த அரசு பலவற்றில் தோற்றது. தோற்றாலும், அதன் சார்பில் நீதிமன்றத்தில் பதில் சொல்ல அரசியலமைப்பே உருவாக்கிய ஒரு பதவி இருந்தது.

1993 ஜூன் 1 அன்று 74-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது நகராட்சி அரசின் மூன்றாவது அடுக்காக ஏற்கப்பட்டது. தேர்தல் நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், பணம் பகிர மாநில நிதி ஆணையம், கணக்குத் தணிக்கைக்கு ஒரு பிரிவு, ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுக்கு ஒரு அட்டவணை என்று அந்தத் திருத்தம் பார்த்துப் பார்த்துச் செய்தது. மேல் இரண்டு அடுக்குகளுக்கும் இருக்கிற சட்ட அதிகாரி மூன்றாவது அடுக்குக்கு வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நகர்மன்றத்தில் இடம்பெறுகிறார்கள். நகராட்சியின் வழக்கறிஞருக்கு அங்கே நாற்காலி இல்லை.

இதன் விளைவைக் கிட்டத்தில் பார்க்க, எந்த ஊரிலும் நடக்கிற ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன் வீட்டு வாசல்படியைத் தெருப்பக்கம் நீட்டுகிறார். அதன்மேல் தகரக் கொட்டகை; பிறகு கொட்டகையைச் சுற்றி ஹாலோபிளாக் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுக்கிறார். நகரமைப்பு ஆய்வாளர் வந்து பார்த்து நோட்டீஸ் கொடுக்கிறார். நோட்டீஸ் வாங்கியவர் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போடுகிறார். கூடவே ஓர் இடைக்கால மனு. பிரதிவாதி, நகராட்சிக்காக அதன் ஆணையாளர். சம்மன் தபாலில் பதிவாகி, ஆணையாளர் மேசைக்குப் போய், வழக்கறிஞருக்கு அனுப்பச் சொல்லும் குறிப்போடு பிரிவுக்கு இறங்குகிறது. வழக்கறிஞர் வக்காலத்துத் தாக்கல் செய்கிறார்.

அதற்குப் பிறகு அவர் கையில் ஒன்றுமில்லை. எதிர்வழக்குரை எழுத, பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் அலுவலகம் தரவேண்டிய பாராவாரிக் குறிப்பு வேண்டும். நோட்டீசின் அலுவலக நகல், அதைச் சார்வு செய்ததற்கான கையொப்பம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், சர்வேயர் அளந்த வரைபடம், தேதியோடு எடுத்த புகைப்படம் ஆகியவை வேண்டும். நோட்டீஸ் நகல் நகரமைப்புப் பிரிவில் இருக்கும். நில ஆவணம் வருவாய்த் துறையில். முதல் மனுவைப் பதிவு செய்த எழுத்தர் இதற்குள் வேறு ஊருக்கு மாறுதலாகியிருப்பார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் எதிர்வழக்குரைக்குத் தருவது 30 நாள், நீட்டித்தால் 90 நாள். வாய்தா மேல் வாய்தா போகிறது. கடைசியில் நகராட்சி ‘செட் எக்ஸ்பார்ட்டி’ ஆகி, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வருகிறது. அதை நீக்கக் கோர 30 நாள் கெடு. அதுவும் தப்பினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. கோப்பு மேசை மேசையாக நகர்ந்ததால் தாமதம் என்று அரசுத் தரப்பு சொல்வதை இனி எளிதில் ஏற்க முடியாது என்று 2012-இல் ‘லிவிங் மீடியா’ வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. தெருவில் சுவர் நிற்கிறது, நீதிமன்ற ஆணையின் பலத்தோடு.

தோற்ற வழக்கறிஞரின் திறமையைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து, எந்தக் கோப்பில் எந்தத் தாள் இல்லை என்று நோட்டீஸ் போகும் முன்பே பார்க்கிற ஒருவர் இருந்திருந்தால் இந்த வழக்கு முதல் வாய்தாவிலேயே வேறு திசையில் போயிருக்கும். நகராட்சிக்கென ஒரு தலைமை வழக்கறிஞர் இருந்தால், அவர் வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட தாள்வேலைதான்.

நோட்டீசுக்குப் பதில் எழுதுவதும் அப்படித்தான். அரசின்மீது வழக்குப் போடும் முன் இரண்டு மாத அறிவிப்பு தரவேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. உள்ளாட்சிச் சட்டங்களிலும் இதைப்போன்ற முன்னறிவிப்பு விதிகள் உண்டு. வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்க ஒரு வாய்ப்பு தரவேண்டும் என்பதே நோக்கம். நடைமுறையில் வக்கீல் நோட்டீஸ் வந்தால் கோப்பில் கட்டி வைத்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கண்டித்த தீர்ப்புக்குத் தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் பெயர் இருப்பதில் எனக்குப் பெருமை. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒன்றிய, மாநில அரசுகளோடு ‘இதர அதிகார அமைப்பு’களையும் சேர்த்துச் சொன்னது: இப்படிப்பட்ட நோட்டீசுகளுக்கு உரிய காலத்தில் பதில் போவதற்குப் பொறுப்பாக ஓர் அதிகாரியை மூன்று மாதத்துக்குள் நியமிக்க வேண்டும், பதில் மனம்வைத்து எழுதியதாக இருக்க வேண்டும், பதில் தராவிட்டாலோ மழுப்பினாலோ நீதிமன்றம் வழக்கமாகவே கடுமையான செலவுத்தொகை விதிக்கும், பொறுப்பான அதிகாரியிடமிருந்து அதை வசூலிக்கவும் நடவடிக்கை எடுக்கச் சொல்லும். நான் இந்தக் கட்டுரையில் கேட்கிற பதவியின் முதல் வரைவு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

கட்டடங்களை இடிப்பதில் சட்ட ஆலோசனையின் மதிப்பு இன்னும் துலக்கமாகத் தெரியும். 1863-இல் தீர்ப்பான ஒரு வழக்கு இது: லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் பகுதியில் கூப்பர் என்பவர் வீடு கட்டினார். கட்டத் தொடங்கும் முன் ஏழு நாள் அறிவிப்பு தரவேண்டும் என்பது அன்றைய சட்டம். தராவிட்டால் இடிக்கும் அதிகாரம் உள்ளூர் வாரியத்துக்கு உண்டு. உரிய அறிவிப்பு வரவில்லை என்று வாரியம் ஆட்களை அனுப்பி, இரண்டாம் தளம்வரை எழும்பியிருந்த வீட்டை இடித்துப்போட்டது. அதிகாரம் இருந்தும் வாரியம் தோற்றது. இடிக்கும் முன் கூப்பரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சட்டத்தில் அப்படி எழுதியிருக்காவிட்டாலும் அது நியாயத்தின் அடிப்படை என்றது நீதிமன்றம். ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றும் முன் கடவுளே ஆதாமிடம் விளக்கம் கேட்டார் என்ற பழைய வாதத்தையும் நீதிபதி பைல்ஸ் அதில் நினைவுகூர்ந்தார். இயற்கை நீதி என்று இன்று நாம் சொல்லும் கோட்பாட்டின் தூண்களில் ஒன்று, ஒரு உள்ளாட்சியின் அவசரத்திலிருந்து எழுந்தது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் கடந்து, 2024 நவம்பர் 13 அன்று நம் உச்ச நீதிமன்றம் அதே பாடத்தை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. நீதிபதிகள் பி.ஆர். கவாய், பொள்ளாச்சியில் பிறந்த கே.வி. விஸ்வநாதன் இருவரும் அமர்ந்த அமர்வு அது. இடிக்கும் முன் பதிவுத் தபாலில் நோட்டீஸ், அதன் நகல் கட்டடத்தில் ஒட்டப்பட வேண்டும்; பதிலுக்குக் குறைந்தது 15 நாள்; நேரில் விசாரணை; காரணம் எழுதிய இறுதி ஆணை; அதன்பிறகும் 15 நாள் அவகாசம்; இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறினால் அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு. அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் உண்டு. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியில்லாமல் எழுந்த கட்டுமானங்களுக்கு இந்த நெறிமுறைகள் பொருந்தாது.

மேலே சொன்ன ஹாலோபிளாக் சுவர் எந்த வகை? அது தெருவிலேயே நிற்கிறதா, பட்டா நிலத்தில் அனுமதியில்லாமல் எழுந்ததா, பாதி அங்கும் பாதி இங்குமா? இதைப் பொறுத்து நடைமுறை முழுவதும் மாறுகிறது. நகரமைப்பு ஆய்வாளர் தனியாக நின்று இதை முடிவு செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். தெருவோர வியாபாரிகள் விஷயத்தில் சட்டமே வேறு. 2014-ஆம் ஆண்டின் சட்டப்படி 30 நாள் அறிவிப்பு இல்லாமல் அவர்களை இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களே இருக்க வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு வீதியை ஒழுங்குபடுத்தும் அவசரத்தில் ஒரு தள்ளுவண்டியைத் தூக்கி லாரியில் போடும் முன், எந்தச் சட்டம் பொருந்தும் என்று கேட்க ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிக்கு ஒருவர் வேண்டும். பிழைப்பை இழப்பவர் வழக்குப் போட வசதியில்லாதவர் என்பதால் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது.

சட்டமும் சமீபத்தில் மாறிவிட்டது. நூறாண்டுக்கு மேலாக இந்த இரண்டு ஊர்களைப் போன்ற நகராட்சிகளை ஆண்டது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். 2023 ஏப்ரல் 13 முதல் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருந்த எழுத்தர்கள் இப்போது புதிய எண்களைத் தேடவேண்டும். அதிகாரம் உண்மையில் இருக்குமானால், தவறான பிரிவைச் சொன்னதால் மட்டும் ஆணை செல்லாமல் போகாது என்பது நிலைபெற்ற சட்டம். ஆனாலும் அந்தத் தவறு எதிர்த்தரப்புக்கு ஒரு வாதத்தையும் சில வாய்தாக்களையும் இலவசமாகக் கொடுத்துவிடும்.

வழக்கு நடத்தாமல் இருக்கச் சொல்வதும் தலைமை வழக்கறிஞரின் வேலை. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி இதற்கு மறக்கமுடியாத உதாரணம். அங்கே ஒரு வார்டு மக்கள் சாக்கடை நாற்றத்தையும், சாராய ஆலைக் கழிவையும், தெருவில் மலம் கழிக்கவேண்டிய அவலத்தையும் தாங்கமுடியாமல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். ஆறு மாதத்தில் திட்டம் போட்டு வேலை செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். நகராட்சி வேலையைத் தொடங்காமல் மேல்முறையீட்டைத் தொடங்கியது. படிப்படியாக உச்ச நீதிமன்றம்வரை போய் ‘எங்களிடம் பணமில்லை’ என்றது. 1980 ஜூலையில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்: பணமில்லை என்பது நகராட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து தப்பிக்கும் காரணமாகாது. வழக்காடுவதில் காட்டிய ஆர்வத்தில் பாதியைத் தெருவைச் சுத்தம் செய்வதில் காட்டியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்ற கருத்தில் அவர் வருந்தி எழுதியதை, ஒவ்வொரு நகராட்சியின் மேல்முறையீட்டுக் கோப்பிலும் முதல் பக்கமாக வைக்கலாம். அன்றைய 133-ஆம் பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. ராஜபாளையத்தில் சாக்கடைக்காகத் தவிக்கும் ஒரு தெருவும் நாளை இந்தப் பிரிவைக் கையில் எடுக்கலாம்.

வழக்குக்கு ஒருமுறை கட்டணம் பெறும் வெளி வழக்கறிஞரிடம் ‘மேல்முறையீடு செய்யலாமா?’ என்று கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் நேர்மையானவராக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்வதற்கு அவருக்கு ஊதியம் இல்லை. அதோடு ஊர்க்கோர்ட்டில் ஒருவர், 2004 ஜூலையில் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுக்களுக்கு வேறொருவர் என்று வழக்கறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஒரே நிலத்தைப் பற்றி இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் வாதிடப்படும் ஆபத்து உண்டு. இரண்டு கட்டுகளையும் ஒரு மேசையில் விரித்துப் பார்ப்பவர் யாரும் இல்லை.

இதைவிடக் கடினமான கேள்வி, நகராட்சி வழக்கறிஞரின் கட்சிக்காரர் யார் என்பது. வக்காலத்தில் கையெழுத்திடுபவர் ஆணையாளர். அவர் மாநில அரசு அனுப்பும் அதிகாரி. தீர்மானம் போடுவது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். அதன் தலைவர் ஓர் அரசியல் கட்சியைச் சேர்ந்தவர். இருவரும் ஒத்துப்போகும்வரை கேள்வி எழாது. தலைவர் ஒரு குத்தகையை நீட்டிக்க விரும்பி, ஆணையாளர் ஏலம் விடவேண்டும் என்று நிற்கும்போது வழக்கறிஞர் யார் பக்கம்? அவருடைய கட்சிக்காரர் நகராட்சி என்ற சட்ட அமைப்புதான், அதில் பதவி வகிக்கும் எந்த மனிதரும் இல்லை என்பதே சரியான விடை என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டு தன்னை மாற்றிவிடக்கூடியவரிடம் இதைச் சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வருமா?

அதனால்தான் நியமனமும் நீக்கமும் முக்கியமாகின்றன. ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்கள் மாறுவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. 1990-இல் உத்தரப் பிரதேச அரசு ஒரே சுற்றறிக்கையில் மாநிலத்தின் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அத்தனை பேரையும் நீக்கியபோது, ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது பொதுப்பணியின் தன்மை கொண்ட பொறுப்பு, தன்னிச்சையாகப் பறிக்க முடியாது என்றது. 2004-இல் ஜோஹ்ரி மல் வழக்கில் அரசின் விருப்புரிமைக்குச் சற்றுக் கூடுதல் இடம் தந்தது. 2016-இல் பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்கில் தகுதி பார்த்து, வெளிப்படையாக நியமிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதையடுத்து தமிழ்நாடு 2017-இல் உயர் நீதிமன்ற அரசு வழக்கறிஞர்களுக்கான நியமன விதிகளை வகுத்தது. பேச்செல்லாம் உயர் நீதிமன்றத்தோடும் மாவட்டத்தோடும் நின்றுவிட்டது.

வெளிநாடுகளில் இரண்டு வழிகளைப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் நகர வழக்கறிஞரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு அது பொருந்தாது; தேர்தலில் நிற்கும் வழக்கறிஞர் இன்னொரு அரசியல்வாதியாகிவிடுவார். இங்கிலாந்தின் ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. அங்கே 1989-ஆம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் சட்டக் கண்காணிப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும். மன்றமோ குழுவோ அதிகாரியோ சட்டத்தை மீறப்போவதாகத் தெரிந்தால் எழுத்தில் அறிக்கை தருவது அவருடைய கடமை. மன்றம் 21 நாளுக்குள் அதைக் கூடிப் பரிசீலிக்க வேண்டும். அதுவரை அந்த முடிவு நிறுத்திவைக்கப்படும். அவருக்கு ரத்து அதிகாரம் இல்லை. அறிக்கையைப் படித்தபின்னும் மன்றம் தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம், ஆனால் தெரியாமல் செய்துவிட்டோம் என்று பிறகு சொல்ல முடியாது.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து இதைத் தொடங்கலாம். தனித்தனியே முழுநேரச் சட்ட அதிகாரி வைப்பது இரண்டுக்கும் பாரமாகத் தோன்றினால், பக்கத்திலுள்ள சேத்தூர், செட்டியார்பட்டி, மம்சாபுரம் பேரூராட்சிகளையும் சேர்த்து ஒரு கூட்டுச் சட்ட அலுவலகம் வைக்கலாம். இடம் ஸ்ரீவில்லிபுத்தூரில், நீதிமன்றத்துக்கு அருகில். பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர், இரண்டு இளையவர்கள், ஒரு சர்வேயர், கட்டுகளைப் பராமரிக்க ஒரு நல்ல குமாஸ்தா. மாவட்ட நீதிபதியின் கருத்தைக் கேட்டு நியமனம்; குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உறுதியான பதவிக்காலம்; காரணம் எழுதாமல் நீக்கக்கூடாது. ஒவ்வொரு மன்றக் கூட்டப் பொருளும் அவர் பார்வைக்குப் போய் வரவேண்டும். கூட்டத்தில் அவருக்கு நாற்காலி வேண்டும். அட்வகேட் ஜெனரலுக்குச் சட்டமன்றத்தில் இருப்பதுபோல, பேசும் உரிமையோடு, வாக்கில்லாமல்.

அவர் எழுதித் தரும் ஆலோசனையை ஊர்மக்கள் படிக்கலாமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலானது ரகசியம் என்கிறது பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-ஆம் பிரிவு. தகவல் உரிமைச் சட்டத்திலும் இதையொட்டி விலக்குக் கேட்பார்கள். நடக்கிற வழக்கின் உத்தியை மறைப்பதில் நியாயம் உண்டு. ஒரு தீர்மானம் சட்டப்படி சரியா என்ற கருத்தை மறைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அந்த ரகசியம் கட்சிக்காரருக்கு உரியது. அவர் சம்மதித்தால் விலகிவிடும். கட்சிக்காரர் நகராட்சி. ஆகவே, வழக்கில் இல்லாத விஷயங்களில் சட்ட அதிகாரியின் கருத்து கூட்ட நடவடிக்கைக் குறிப்போடு சேர்த்து வெளியிடப்படும் என்று ராஜபாளையத்தின் 42 உறுப்பினர்களும் ஸ்ரீவில்லிபுத்தூரின் 33 உறுப்பினர்களும் ஒரு பொதுத் தீர்மானம் போட்டுவிட்டால் போதும்.